அவ்வப்போது விலகும் கண்: வீட்டுக் குறிப்பேட்டிலிருந்து அறுவை சிகிச்சை வரை

என் மகளுக்கு மூன்று வயதில் இடது கண் வெளிப்பக்கமாக நழுவத் தொடங்கியது. நாள் முழுக்க அல்ல. தூக்கம் வரும்போது, காய்ச்சல் அடிக்கும்போது, ஜன்னல் வழியாக எதையோ வெறித்துக்கொண்டிருக்கும்போது மட்டும். மருத்துவரிடம் கூட்டிப்போனது காலை பத்து மணிக்கு. நன்றாகத் தூங்கி எழுந்து உற்சாகமாக இருந்தாள். இரண்டு கண்ணும் ஆணி அடித்தது போல நேராக நின்றன. "எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதம் அப்படியே போயிற்று. அவர்கள்மேல் பாதி தவறு, வெறுங்கையோடு போன என்மேல் பாதி.

அப்புறம் கண்ணாடி, பேட்ச் (ஒரு கண்ணை மூடி ஒட்டும் பட்டை), அறுவை என்று எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தாகிவிட்டது. காத்திருக்கும் பெஞ்சுகளில் மற்ற பெற்றோரோடு பேசிப் பேசி, எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறோம் என்று புரிந்தது. இந்த வழிகாட்டி, வெளிப்பக்கம் விலகித் தானாகவே திரும்பி வரும் மாறுகண்ணுக்கானது. மருத்துவர் இதை விட்டுவிட்டு வரும் எக்ஸோட்ரோபியா என்பார்.

1. காத்திருக்கக் கூடாதவற்றை முதலில் பிரித்தெடுங்கள்

இந்த மாறுகண்ணில் பெரும்பாலும் நிதானமாகக் கவனிக்க நேரம் உண்டு. ஆனால் அந்த நிதானம் எல்லா மாறுகண்ணுக்கும் பொருந்தாது. அதனால் இந்தப் படி முதலில் வருகிறது.

பிறந்த குழந்தையின் கண்கள் முதல் சில மாதங்களில் அங்குமிங்கும் அலைவது சாதாரணம். 4 மாதம் தாண்டியும் அலைந்தால் காட்ட வேண்டும். எந்த வயதிலும் ஒரு கண் எப்போதுமே விலகி நின்றால், மாதக் கணக்கு பார்க்காமல் காட்ட வேண்டும்.

ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்மணி சிவப்பாக இல்லாமல் வெள்ளையாகத் தெரிந்தால் உடனே போங்கள். படம் எடுத்த கோணத்தாலும் அப்படித் தெரியலாம்; விழித்திரையில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். வீட்டிலிருந்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

திடீரென்று கண் விலகி, கூடவே தலைவலி, வாந்தி, இமை தொங்குவது, இரண்டு இரண்டாகத் தெரிவது, ஒரு பக்கம் கண்ணை நகர்த்த முடியாதது ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவு. அது நரம்பின் பிரச்சினையாக இருக்கலாம்.

உள்பக்கம், அதாவது மூக்கை நோக்கி விலகும் கண் வேறு கதை. இரண்டு மூன்று வயதில், தூரப்பார்வைக் குறைபாடு உள்ள குழந்தைக்கு இது அடிக்கடி வரும். சிறு குழந்தைகளில் இது சீக்கிரமே நிரந்தரமாகிவிடக்கூடும். சரியான பிளஸ் பவர் கண்ணாடி போட்டாலே பலருக்கு நேராகிவிடும். "அவ்வப்போதுதானே வருகிறது" என்று இங்கே காத்திருக்காதீர்கள்.

ஒரு சின்ன ஆறுதலும் உண்டு. மூக்குத் தண்டு அகலமாக உள்ள குழந்தைக்கு, கண் நேராக இருந்தாலும் உள்ளே விலகியது போலத் தோன்றும். கண்மணிகளில் பிரதிபலிக்கும் ஒளிப்புள்ளி இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால் அது பெரும்பாலும் தோற்ற மயக்கம்தான். ஆனாலும் தீர்ப்பை மருத்துவர் சொல்லட்டும்.

2. விலகும் நேரத்தில் மூளை என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடத் தோன்றும். தாண்டினால் பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் குழப்பும்.

ஒரு விரலை முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் நிறுத்தி, அதற்கு அப்பால் உள்ள சுவரைப் பாருங்கள். விரல் இரண்டாகத் தெரியும். நாம் நேராகப் பார்க்கும் தூரத்திலிருந்து போதுமான அளவு முன்னாலோ பின்னாலோ இருப்பதெல்லாம் நாள் முழுக்க இப்படி இரண்டாகத்தான் விழுகிறது. நமக்கு அது உறைப்பதில்லை, ஏனென்றால் வேண்டாத படத்தை ஒதுக்கிவைப்பது மூளையின் அன்றாட வேலை.

விலகிய கண்ணுள்ள குழந்தையின் மூளை இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறது. இரண்டு கண்ணும் வேறு வேறு இடத்தைப் பார்த்தால் இரண்டு தொல்லை: ஒரே பொருள் இரண்டு இடத்தில் தெரியும், வேறு வேறு பொருட்கள் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். வளரும் மூளை விலகிய கண்ணின் படத்தை அணைத்து இரண்டையும் தீர்த்துக்கொள்கிறது. கண் நேரானதும் மறுபடி இரண்டு படங்களையும் சேர்க்கிறது. ஒரே குழந்தைக்குள் இரண்டு பார்வைகள் மாறி மாறி இயங்குகின்றன. நேராக இருக்கும்போது ஆழமும் தூரமும் தெரியும் முழுமையான பார்வை, விலகும்போது ஒற்றைக் கண் பார்வை. சில குழந்தைகளின் மூளை இன்னொரு வழியையும் பிடிக்கும்: விலகிய கோணத்துக்கு ஏற்ப இரண்டு விழித்திரைகளின் பொருத்தத்தையே மாற்றி அமைத்துக்கொள்ளும்.

இதனால் ஒரு நன்மை. கண் பெரும்பாலான நேரம் நேராக இருப்பதால், இந்த வகையில் சோம்பல் கண் (மூளை ஒதுக்குவதால் பார்வை மங்கும் கண்) வருவது குறைவு. கேடும் அதற்குள்ளேயே இருக்கிறது. இரண்டாகத் தெரிவதுதான் "கண்ணைத் திருப்பு" என்று மூளைக்கு அடிக்கும் மணி. அந்த மணியை மூளையே அணைத்துவிட்டால், கண் திரும்பி வர அவசரம் இல்லாமல் போகிறது. விலகும் நேரம் மெல்ல நீளலாம். தூரத்தில் உள்ளவற்றின் ஆழ உணர்வு பெரும்பாலும் முதலில் குறையும், கிட்டத்தில் உள்ளவற்றின் ஆழ உணர்வு பெரும்பாலும் நீண்ட நாள் நன்றாகவே இருக்கும்.

புதியவர்களின் பெரிய தவறு இங்கே இருக்கிறது: "கண் தசை பலவீனம்" என்று நினைத்துக்கொள்வது. ஒரு கண்ணை மூடிவிட்டு மற்றதை நகர்த்தச் சொல்லுங்கள், எல்லாத் திசையிலும் முழுதாகப் போகும். தசை நன்றாக இருக்கிறது. இரண்டு கண்ணையும் சேர்த்துப் பிடித்துவைக்கும் பிடிதான் தளர்கிறது. அந்தப் பிடிக்குப் பெயர் கட்டுப்பாடு. கண் எவ்வளவு தூரம் விலகுகிறது என்பதைவிட, எவ்வளவு நேரம் விலகி நிற்கிறது, எவ்வளவு சுலபமாகத் திரும்புகிறது என்பதே இனி நாம் துரத்தும் விஷயம்.

"கண்ணை நேராக வை" என்று குழந்தையை நாள் முழுக்க அதட்டாதீர்கள். படம் அணைந்திருப்பதால் விலகியது அதற்குத் தெரியாது. தெரியாத குற்றத்துக்குத் திட்டு வாங்கும் குழந்தை, தலையைக் குனிந்துகொள்ளத்தான் கற்றுக்கொள்ளும். என் மகள் கற்றுக்கொண்டாள்.

3. இரண்டு வாரம் குறிப்பேடு எழுதுங்கள்

மருத்துவர் பார்ப்பது பதினைந்து நிமிடம். அந்த நேரத்தில் கண் நேராக நின்றுவிட்டால் நீங்கள் கொண்டுபோகும் தாள்தான் சாட்சி.

எழுத வேண்டியது மூன்றே மூன்று. ஒன்று, எப்போது: களைப்பு, காய்ச்சல், பகல் கனவு, வெயில். வெயிலில் ஒரு கண்ணை மட்டும் இடுக்கிக்கொள்வது இந்த மாறுகண்ணில் அடிக்கடி காணும் அடையாளம். அதைக் குறும்பு என்று நினைத்து நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். இரண்டு, எவ்வளவு தூரத்துப் பொருளைப் பார்க்கும்போது: தூரத்தில் மட்டுமா, புத்தகம் படிக்கும்போதுமா. மூன்று, எப்படித் திரும்புகிறது: தானாகவா, கண் சிமிட்டினாலா, கூப்பிட்டால்தானா.

நாள் முழுக்கக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டாம். காலை, மாலை, தூங்கும் முன் என்று மூன்று வேளை, ஐந்து ஐந்து நிமிடம் போதும். ஒரே மாதிரி நேரத்தில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு: இந்த மாறுகண் ஒரே நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும். களைத்த நாட்களை மட்டும் எழுதினால் உண்மையைவிட மோசமாகத் தெரியும்.

வீடியோ எடுக்கும்போது பலர் செய்யும் தவறு, குழந்தைக்கு அருகில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. அருகில் உள்ளதைப் பார்க்கும்போது கண்கள் இயல்பாகவே உள்நோக்கிக் குவியும், விலகல் மறைந்துவிடும். நீங்கள் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். குழந்தை உங்களைத் தாண்டி, தூரத்தில் எதையாவது பார்க்கட்டும். விலகி, சிமிட்டி, திரும்பி வருவது வரை வெட்டாமல் எடுங்கள்.

4. பரிசோதனை நாளில் வரிசையைக் கவனியுங்கள்

முடிந்தால் மாலை நேரம் வாங்குங்கள், களைப்பு நமக்கு உதவட்டும். பழைய கண்ணாடி, குறிப்பேடு, வீடியோ, முந்தைய அளவுச் சீட்டுகள் எல்லாம் கையில் இருக்கட்டும்.

இந்தப் பரிசோதனையில் வரிசை மாறினால் விடையே மாறிவிடும். முதலில் ஆழ உணர்வு, அதாவது விசேஷக் கண்ணாடி மாட்டி எழுந்து நிற்கும் படங்களைத் தொடச் சொல்லும் சோதனை. கூடவே கட்டுப்பாடு. பிறகுதான் ஒரு கண்ணை மூடி எழுத்து வாசிக்கும் சோதனையும், கண்களை மாற்றி மாற்றி மூடி அளக்கும் சோதனையும். ஒரு கண்ணை மூடிய கணத்திலேயே இருவிழிப் பிடி கலையத் தொடங்கும். அதற்கப்புறம் ஆழ உணர்வைச் சோதித்தால் குழந்தை உண்மையில் இருப்பதைவிட மோசமாகக் காட்டும்.

கட்டுப்பாட்டுக்குப் பரவலாக உள்ள அளவுகோல் 0 முதல் 5 வரை. எதையும் மூடாமல் 30 நொடி பார்க்கும்போது கண் முழுக்க விலகி நின்றால் 5, பாதி நேரத்துக்கு மேல் என்றால் 4, அதற்குக் குறைவு என்றால் 3. விலகவே இல்லையென்றால், ஒரு கண்ணை 10 நொடி மூடி எடுப்பார்கள். திரும்பிச் சேர 5 நொடிக்கு மேல் ஆனால் 2, 1 முதல் 5 நொடி என்றால் 1, ஒரு நொடிக்குள் என்றால் 0. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் தனித்தனி எண் வரும். இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். அரை மணி கழித்து அதே குழந்தைக்கு வேறு எண் வரலாம்.

விலகலின் அளவைப் பிரிசம் டையாப்டரில் சொல்வார்கள். பிரிசம் என்பது ஒளியை வளைக்கும் கண்ணாடி. ஒரு மீட்டர் தூரத்தில் ஒளியை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தும் பிரிசத்தின் சக்தி 1 பிரிசம் டையாப்டர். தூரத்து அளவு கிட்டத்து அளவைவிட 10-க்கு மேல் அதிகமாக இருந்தால், ஒரு கண்ணை அரை மணி முதல் ஒரு மணி நேரம் மூடிவைத்துவிட்டு மறுபடி அளப்பார்கள். கிட்டத்தில் பிடித்துக்கொண்டிருந்த பிடி அப்போது தளர்ந்து, ஒளிந்திருந்த விலகல் வெளியே வரும். அந்த நேரத்தில் குழந்தை மூடியதை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தால் சோதனை வீண், திரும்பத் தொடங்க வேண்டும். கதை சொல்ல ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

கடைசியில்தான் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து. பவரைச் சரியாக அளக்கவும் விழித்திரையைப் பார்க்கவும் அது தேவை. நுழைந்ததும் நுழையாததுமாகச் சொட்டு விட வந்தால், "மாறுகண் அளவு எடுத்தாகிவிட்டதா?" என்று கேளுங்கள்.

5. கண்ணாடியை முதலில் சரிசெய்யுங்கள்

வேறு எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் இது. இரண்டு படமும் தெளிவாக இருந்தால்தான் மூளைக்கு அவற்றைச் சேர்க்கும் ஆசை வரும். கிட்டப்பார்வைக்கு மைனஸ் பவரை முழுதாகக் கொடுப்பார்கள். இதை மட்டும் சரிசெய்தாலே சில குழந்தைகளுக்குக் கட்டுப்பாடு மேம்படும்.

பிளஸ் பவரில் கணக்கு தலைகீழ். படத்தைத் தெளிவாக்கக் கண் எடுக்கும் முயற்சியை அது தளர்த்தும். கூடவே உள்நோக்கி இழுக்கும் விசையும் தளர்ந்து விலகல் கூடலாம். அதனால் சிறிய பிளஸ் பவரை மருத்துவர் குறைத்தோ கொடுக்காமலோ விட்டால் அது கவனக்குறைவு அல்ல.

தேவைக்கு மேல் மைனஸ் பவர் கொடுத்து, கண்ணைச் சிரமப்படுத்திக் குவிய வைக்கும் முறையும் உண்டு. போட்டிருக்கும்வரை கட்டுப்பாடு மேம்படுகிறது. ஆனால் ஒரு பெரிய ஆய்வில் 12 மாதம் போட்டுப் படிப்படியாக நிறுத்தியபின் அந்தப் பலன் நிலைக்கவில்லை. கிட்டப்பார்வை கூடுதலாக வளர்ந்ததும் தெரிந்தது. என்னைக் கேட்டால், குழந்தை ஏற்கெனவே கிட்டப்பார்வைக்காரராக இருந்தால் நான் இரண்டு முறை யோசிப்பேன். எவ்வளவு காலம், எப்படி நிறுத்துவது, நடுவில் பவரை எப்போது சோதிப்பது என்ற மூன்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

6. கவனித்துக் காத்திருங்கள், தேவைப்பட்டால் பேட்ச்

காத்திருப்பதும் சிகிச்சைத் திட்டம்தான், கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது அல்ல. 3 முதல் 10 வயது வரை உள்ள குழந்தைகளை எந்தச் சிகிச்சையும் இல்லாமல் 3 ஆண்டு கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வில், நிலைமை மோசமானவர்கள் சுமார் 15% மட்டுமே. இந்த எண்ணை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் நான் பல இரவுகள் தூங்கியிருப்பேன்.

பேட்ச் ஒட்டுவதன் நோக்கம், அணைக்கும் பழக்கத்தைக் கொஞ்ச நேரமாவது உடைப்பது. ஒரு கண் மூடியிருக்கும்போது மற்றக் கண்ணின் படத்தை மூளையால் ஒதுக்க முடியாது. அதே வயதுக் குழந்தைகளுக்குத் தினம் 3 மணி நேரம், 5 மாதம் ஒட்டிப் பார்த்தார்கள். ஆறு மாத முடிவில் மோசமானவர்கள் 1%-க்கும் குறைவு. ஒட்டாதவர்களில் சுமார் 6%. வித்தியாசம் உண்டு, ஆனால் ஒட்டாதவர்களிலும் மிகப் பெரும்பாலோர் நன்றாகவே இருந்தார்கள். குழந்தை தினமும் அழுது புரண்டால், விட்டுவிடுவதைப் பற்றி மருத்துவரிடம் கூச்சப்படாமல் பேசலாம்.

பேட்ச்சில் நடக்கும் தவறுகள்: விலகும் கண்ணை "பாதுகாப்பதாக" நினைத்து அதையே மூடுவது (எந்தக் கண், மாற்றி மாற்றியா என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்), கண்ணாடியின்மேல் ஒட்டுவது (ஓரத்தில் எட்டிப் பார்த்துவிடுவார்கள்; தோலில் ஒட்டி அதன்மேல் கண்ணாடி மாட்டுங்கள்), சீக்கிரம் குணமாகட்டும் என்று நாள் முழுக்க ஒட்டுவது. கடைசித் தவறு ஆபத்தானது. சின்னக் குழந்தையில் அளவுக்கு மீறி மூடிய நல்ல கண்ணே மங்கிவிடலாம்.

7. பயிற்சிகளில் நிதானம்

பென்சிலை மூக்குக்கு அருகில் கொண்டுவரும் பயிற்சியை யாராவது கட்டாயம் சொல்வார்கள். கிட்டத்தில் பார்க்கும்போது கண்கள் போதிய அளவு குவியாதவர்களுக்கு, மேற்பார்வையோடு செய்யும் குவியும் பயிற்சிகள் நன்றாக உதவுகின்றன. வீட்டில் தனியாகச் செய்யும் பென்சில் பயிற்சியின் பலன் அதைவிடக் குறைவு. தூரத்தில் மட்டும் விலகும் குழந்தைக்கு அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

வளர்ந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சிறு வயதிலிருந்தே மாறுகண் இருந்தால், உங்கள் மூளை அணைத்துவைத்திருக்கும் படம் உங்களுக்குக் காவல். செயலியையோ வீடியோவையோ பார்த்து, அந்த அணைப்பை உடைக்கும் பயிற்சியைத் தனியாகச் செய்யாதீர்கள். இரண்டு படங்களையும் சேர்க்கும் திறன் இல்லாத ஒருவருக்கு அணைப்பு மட்டும் உடைந்தால், தீராத இரட்டைப் பார்வையே மிச்சமாகலாம். முதலில் சேர்க்கும் திறன் இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

8. அறுவைக்கு எப்போது சரி சொல்வது

விலகல் பெரியது என்பது மட்டும் காரணம் ஆகாது. விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் விலகி நிற்கிறதா, கிட்டத்திலும் விலகத் தொடங்கிவிட்டதா, ஆழ உணர்வு குறைகிறதா? இந்தக் கேள்விகளுக்குக் குறிப்பேடும் பரிசோதனைச் சீட்டும் ஒரே பதிலைச் சொன்னால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. கண்ணைப் பற்றிய கேலியால் குழந்தை ஒடுங்கிப்போவதும் நியாயமான காரணம்தான்.

குறைந்தது இரண்டு தனித்தனி நாட்களில் எடுத்த அளவுகள் ஒத்துப்போகட்டும். அறுவையில் தசையை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்துவது என்பது இந்த அளவிலிருந்துதான் வருகிறது. மிகச் சிறிய குழந்தைகளில் மருத்துவர்கள் தயங்குவதற்கும் காரணம் உண்டு: அறுவைக்குப் பிறகு கண் உள்பக்கம் போய் அங்கேயே நின்றுவிட்டால், வளரும் பார்வை கெடலாம்.

கண்ணை வெளியே எடுத்து வைப்பார்கள் என்பது வெறும் பயம். வெளிப்பக்கத் தசையை அது ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து பிரித்துச் சற்றுப் பின்னால் தைப்பார்கள். இரண்டு கண்ணிலும் இதைச் செய்யலாம். அல்லது ஒரே கண்ணில் இதோடு உள்பக்கத் தசையைக் கொஞ்சம் குறுக்கலாம். குழந்தைகளுக்கு முழு மயக்கம் கொடுப்பார்கள். பெரியவர்களுக்கு அறுவைக்கு முன்னால் பிரிசம் வைத்துப் பார்த்து, கண் நேரானால் இரண்டாகத் தெரியுமா என்று சோதிப்பது நல்லது.

எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு முறைகளையும் குழந்தைகளிடம் ஒப்பிட்ட ஆய்வில், 3 ஆண்டு முடிவில் போதிய பலன் கிட்டாதவர்கள் முதல் முறையில் சுமார் 46%, இரண்டாவதில் சுமார் 37%. அந்த வித்தியாசத்தை வைத்து ஒன்று மற்றதைவிட மேல் என்று சொல்ல முடியவில்லை. தசையை நகர்த்தினாலும் அணைக்கும் பழக்கம் மூளைக்குள் இருக்கிறது, விலகல் திரும்பி வரலாம். இன்னோர் அறுவை தேவைப்பட்டால் முதல் அறுவையில் தவறு நடந்தது என்று அர்த்தம் இல்லை.

9. அறுவைக்குப் பிறகு

முதல் நாள் கண் லேசாக உள்பக்கம் போயிருப்பதைப் பார்த்து நான் அரண்டுவிட்டேன். பலர் வேண்டுமென்றேதான் அப்படிக் கொஞ்சம் கூட்டி வைக்கிறார்கள். வாரங்கள் போகப் போகக் கண் வெளிப்பக்கம் நகரும் என்பதால், அதற்கான இடத்தை முன்கூட்டியே விடுகிறார்கள். அதுவரை இரண்டாகத் தெரியலாம். சின்னக் குழந்தை அதைச் சொல்லாது. ஒரு கண்ணை மூடும், தலையைத் திருப்பிப் பார்க்கும், படிக்கட்டில் தயங்கும். சில வாரத்தில் குறையாவிட்டால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் சொல்லுங்கள், பிரிசமோ பேட்ச்சோ கொடுப்பார்கள்.

சிவப்பு மறைய இரண்டு மூன்று வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நாளுக்கு நாள் கூடும் வலி, இமை வீக்கம், சீழ், காய்ச்சல், பார்வை மங்குவது, ஒரு பக்கம் கண் நகராமல் போவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே போக வேண்டும். நீச்சலும் மண்ணில் விளையாடுவதும் மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம்.

"அறுவை முடிந்துவிட்டது, இனி கண்ணாடி எதற்கு" என்று கழற்றிவைத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். படம் மங்கினால் பிடி தளரும் என்ற ஐந்தாம் படியின் கணக்கு அறுவைக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது.

குறிப்பேட்டையும் மூடிவிடாதீர்கள். நாங்கள் மாதத்தில் மூன்று நாள், அதே மூன்று வேளை எழுதுகிறோம். அறுவை முடிந்த ஏழாம் மாதம் ஒரு மாலையில், "வெயிலில் இடது கண்ணை இடுக்கினாள், சிமிட்டியதும் சரி" என்று ஒரு வரி விழுந்தது. அடுத்த பரிசோதனையில் முதலில் காட்டியது அந்த வரியைத்தான்.